பச்சை ரத்தம்

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள். வழக்கமாக, தேருக்கு எத்தனை பேர் வருகிறோம், மதியச் சாப்பாடு அங்கேதானே என்று கேட்கத்தான் கூப்பிடுவாள். இந்த முறை குரலே வேறாக இருந்தது.

"தம்பி, ஒம் மருமகன் ஸ்கூல்ல ஒரு பையன அடிச்சுப்புட்டான்டா. புருவத்துல ரெண்டு தையல் போட்டுருக்காக. அத்தானக் கூப்ட்டுவச்சுப் பேசியிருக்காக."

"எதுக்கு அடிச்சானாம்?"

"எதுக்கா? அந்தக் கேம்தான். எந்நேரமும் அங்கிட்டு வாரான், இங்கிட்டு வாரான், சுடு, கொல்லுன்னு கத்திக்கிட்டே கெடந்தா புத்தி எப்பிடி இருக்கும்? ஸ்கூல்லயும் அதத்தான் சொல்லியிருக்காக. நீதானடா அவனுக்குப் பழக்கிவிட்ட."

அது உண்மை. 2020 ஊரடங்கில் அக்கா குடும்பம் இரண்டு மாதம் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அப்போது அவனுக்குப் பத்து வயது. மொட்டைமாடியில் உட்கார்ந்து என் போனில் பப்ஜி ஆடப் பழகிக்கொண்டான். விமானத்திலிருந்து எப்போது குதிப்பது, வீட்டுக்குள் போனதும் முதலில் எதை எடுப்பது, அடிபட்டுக் கிடக்கும் கூட்டாளியை எப்படி மறைவுக்கு இழுத்து வந்து எழுப்புவது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதனால் அக்கா சொன்னதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. போனை வைத்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அடி வாங்கிய பையன் யார் என்று நான் கேட்கவே இல்லை. அவளும் சொல்லவில்லை.

*

நான் முப்பது வருஷமாகச் சுட்டுக்கொண்டிருப்பவன். சிவகாசி பக்கத்தில் பிறந்தவனுக்கு முதல் துப்பாக்கி தீபாவளிக்குத்தான் வரும். தகரத் துப்பாக்கி, ரோல் பொட்டுவெடி. மருந்து வாசனையோடு தெருவெல்லாம் ஒருவனையொருவன் சுட்டுத் திரிவோம். செத்தவன் எழுந்து "நான் சாகல, ஒனக்குத்தான் பொட்டு தீந்துபோச்சு" என்று சண்டைக்கு வருவான். அந்தத் துப்பாக்கி பிள்ளைகளைக் கெடுக்கும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது கான்ட்ரா. டிவியில் மாட்டும் வீடியோகேம் பெட்டியை மாமா ஒருவர் மதுரையிலிருந்து வாங்கி வந்தார். மஞ்சள் கேசட். எனக்குப் பத்து வயது. 1997 கோடை விடுமுறை. காலையில் ஆரம்பித்தால் அம்மா வந்து பிளக்கைப் பிடுங்கும்வரை ஆட்டம்தான்.

அந்தக் கோடையை எங்கள் பக்கத்தில் யாரும் கான்ட்ராவை வைத்து நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். மாவட்டத்துக்கென்று புதிதாகத் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் சமூகத்துத் தலைவர் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. பஸ்ஸில் ஆரம்பித்தது உயிர்ப்பலி வரைக்கும் போனது. கடைசியில் அரசாங்கம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. பாண்டியன், கட்டபொம்மன், சேரன் எல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. பஸ் ஓடவில்லை என்பது தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வர வேண்டிய அத்தை வரவில்லை. இடையில் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஒருநாள் தெருமுனை வரை போனபோது கண்ணாடி முழுவதும் உடைந்த பஸ் ஒன்று நின்றது. டிரைவர் சீட்டில் கண்ணாடித்தூள் கல்லுப்பு மாதிரிக் கிடந்தது. அப்பா என்னை இழுத்துவந்து வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். "உள்ளயே இருந்து கேம் ஆடுடா" என்றார். விளையாடு என்று அவர் தானாகச் சொன்னது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

அந்த பஸ்ஸின் மேல் கல்லெறிந்தவர்களில் ஒருவர்கூட வீடியோகேம் ஆடியிருக்க வாய்ப்பில்லை. நானோ உள்ளே உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் சுட்டுக்கொண்டிருந்தேன்.

*

பிளஸ் டூ படிக்கையில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு இருபது ரூபாய். நான்கு பேர் ஐந்தைந்து ரூபாய் போட்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவோம். ப்ராஜெக்ட் ஐஜிஐ. அதில் ஒரு கட்டத்தின் நடுவில் சேமித்துவைக்கும் வசதி கிடையாது. செத்தால் முதலிலிருந்துதான். கீபோர்டு ஒருவன் கையில், மற்ற மூவரும் தோளுக்குப் பின்னால் நின்று "டவர்ல ஒருத்தன் இருக்கான்டா" என்று கத்துவோம். அப்புறம் வைஸ் சிட்டி. ரோட்டில் போகிறவனை அடித்துக் காரைப் பிடுங்குவதுதான் அதில் பாதி வேலை. கவுண்டர் ஸ்ட்ரைக் வந்தபோது இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்து எங்களையே நாங்கள் சுட்டுக்கொண்டோம்.

அந்த நால்வரில் ஒருவன் இப்போது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி வைத்திருக்கிறான். உலகத்தின் காயங்களுக்குக் கட்டுப்போடுகிற தொழில். இன்னொருவன் துபாயில். மூன்றாவது ஆள் பள்ளிக்கூட வாத்தியார். நான் மில் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் அறுக்கும்போது இன்றைக்கும் நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான்கு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களும் இப்படி நான்கு பேரை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

அமெரிக்காவில் இந்த வழக்கு எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. மார்ட்டல் காம்பாட்டில் தோற்றவனின் முதுகெலும்பைப் பிடுங்குவதைப் பார்த்துவிட்டு 1993 டிசம்பரில் செனட் விசாரணை வைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் விளையாட்டுகளின் மேல் வயதைக் குறித்து ஒட்டும் முறை. 1999இல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் டூம் ஆடியவர்கள் என்று தெரிந்ததும் பழி அந்த விளையாட்டின் மேல் விழுந்தது. கலிபோர்னியா, வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்று சட்டம் போட்டது. 2011 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அதைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா பழமைவாதி. பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் கதைகளில் மட்டும் ரத்தம் குறைவா என்று கேட்டு, கிரிம் சகோதரர்களின் கதைகளை வரிசையாக எடுத்துவைத்தார்.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். மார்கழிக் குளிரில் ஐந்து வயதுப் பிள்ளைகளை எழுப்பிவிட்டுத் திருப்பாவை சொல்லவைக்கிறோம். அதில் பேய்ச்சி பாலோடு சேர்த்து உயிரும் போகிறது, வண்டியாக வந்தவன் உதைபட்டு நொறுங்குகிறான், பறவையாக வந்தவனின் வாய் பிளக்கிறது, இலங்கை அரசனின் தலைகள் போகின்றன. எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டுவிட்டுக் கொக்கின் வாயைப் பிளக்கப் போனதில்லை. கதை எது, காரியம் எது என்று பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட நன்றாகத் தெரியும்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2019இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகள் ஆயிரம் பேரையும் அவர்கள் பெற்றோரையும் கேட்டு, வன்முறை விளையாட்டுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். 2020இல் அமெரிக்க உளவியல் சங்கம் வேறு மாதிரிச் சொன்னது. கத்துவது, தள்ளிவிடுவது மாதிரியான சின்ன முரட்டுத்தனத்தோடு சிறிய, ஆனால் திரும்பத்திரும்பத் தென்படும் தொடர்பு உண்டு. கொலை, துப்பாக்கிச்சூடு போன்றவற்றுக்கு விளையாட்டைக் காரணமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்வது உண்மையான காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்றது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் விளையாடாத வீடு கிடையாது. துப்பாக்கிக் கொலை அங்கே அபூர்வம்.

நம் நாட்டில் இந்த விவாதம் ஒழுங்காக நடக்கவே இல்லை. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜிக்குத் தடை போட்டு, போனில் ஆடிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்களைப் போலீஸ் பிடித்தது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. பப்ஜியும் அதில் ஒன்று. காரணம் வன்முறை இல்லை, நாட்டின் பாதுகாப்பு, சீனா. 2021 ஜூலையில் அதே விளையாட்டு இந்தியப் பெயரோடு பிஜிஎம்ஐ என்று திரும்பி வந்தது. என்ன மாறியிருந்தது? ரத்தம் பச்சையாகியிருந்தது. இது நிஜ உலகமல்ல என்று ஒரு குரல் முதலிலேயே சொல்லிவிடும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நாளுக்கு மூன்று மணி நேரம். மற்றபடி அதே விமானம், அதே நூறு பேர், அதே துப்பாக்கிகள்.

*

இவ்வளவும் பேசிவிட்டு நான் என்னைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது கள்ள ஆட்டம்.

2019இல் ஒரு ராத்திரி. மணி ஒன்றரை இருக்கும். கடைசிப் பத்து பேரில் நாங்கள் நால்வர் உயிரோடு இருந்தோம். காதில் ஹெட்செட். அடுத்த அறையில் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. என்னை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். நான்காவது தடவை கூப்பிடத் தெம்பில்லாமல் தலைமாட்டில் இருந்த செம்பைத் தட்டிவிட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தில் அம்மாதான் எழுந்து ஓடினாள். நான் ஹெட்செட்டைக் கழற்றியபோது அம்மா சீனித்தண்ணியை அவர் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சட்டையெல்லாம் வேர்வை. அப்பா பிழைத்துக்கொண்டார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ஆட்டத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம்.

இதில் வன்முறைக்கு என்ன வேலை? அன்றைக்கு நான் ஆடியது செஸ்ஸாக இருந்திருந்தாலும் அப்பாவின் குரல் எனக்குக் கேட்டிருக்காது. விளையாட்டு என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என் இரக்கத்தை அல்ல, என் காதை. உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, அதன் விளக்கத்தில் ரத்தமோ துப்பாக்கியோ இல்லை. கட்டுப்பாடு போவது, மற்ற காரியங்கள் எல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமல் இருப்பது, இவைதான். படித்தபோது என்னைப் பார்த்து எழுதியது போலிருந்தது.

அன்றிலிருந்து நான் ஹெட்செட் போடுவதில்லை. ஸ்பீக்கரில்தான் ஆடுவேன்.

*

ஆடிப்பூரத்துக்கு முதல்நாளே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டேன். ரத வீதியில் தேருக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. பால்கோவாக் கடைகளில் கூட்டம். அக்கா வீட்டில் மட்டும் ஒரு இறுக்கம். மருமகனின் போன் பீரோவில் இருந்தது. சாவியை வாங்கி எடுத்துக்கொடுத்தேன்.

"வா மாப்ள, ஒரு மேட்ச் போடுவோம்."

அவன் என்னை நம்பாமல் பார்த்தான். ஹெட்செட்டைத் தேடினான். "அது வேணாம், ஸ்பீக்கர்ல போடு" என்றேன்.

"வேணாம் மாமா. பசங்க கெட்ட வார்த்த பேசுவாங்ய."

"நாங்க பேசாததா?"

போட்டான். அவனோடு வழக்கமாக ஆடும் இருவர் வந்தார்கள். நாலாவது ஆள் நான். அவர்கள் மூவரின் பெயருக்கு முன்னாலும் ஒரே நாலெழுத்து இருந்தது. இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. எங்கள் சாதிப் பெயரின் சுருக்கம்.

ஆட்டம் ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் எங்களில் ஒருவனைத் தூரத்திலிருந்து யாரோ சாய்த்தார்கள். விழுந்தவன் கத்தினான். கெட்ட வார்த்தைகள் எனக்குப் புதிதில்லை, காது அதற்குப் பழகியதுதான். ஆனால் அவன் சுட்டவனை ஒரு சாதியின் பெயரைச் சொல்லித் திட்டினான். மற்றவன் சிரித்துக்கொண்டே அந்த ஊர்த் தெரு ஒன்றின் பெயரைச் சொன்னான். நூறு பேர் ஆடும் ஆட்டம். எங்களைச் சுட்டவன் அஸ்ஸாமிலோ பஞ்சாபிலோ தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பையன். அவனுக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது. விளையாட்டு கொடுத்தது பெயரில்லாத எதிரியை. அவனுக்குத் தெருவும் சாதியும் கொடுத்தது எங்கள் பிள்ளைகள்.

பாதியில் வெளியே வந்தேன். மருமகன் தலையைக் குனிந்திருந்தான்.

"நீ அடிச்ச பையன் கேம் ஆடுவானா?"

"சூப்பரா ஆடுவான் மாமா. ஏடபிள்யூஎம் கெடச்சாப் போதும், ஒருத்தன் தப்ப முடியாது. முன்னாடி எங்க டீம்லதான் இருந்தான்."

"இப்ப?"

"பேர மாத்தணும்னு பசங்க சொன்னாங்ய. எல்லாரும் முன்னாடி இதப் போடணும்னு. அவன் போட முடியாதுல்ல."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். பரீட்சை டைம் டேபிள் சொல்கிற மாதிரி.

"ஸ்கூல்ல வச்சு அவன் கேட்டான் மாமா, நானும் முன்னாடி இதப் போட்டுக்கிறவாடான்னு. சும்மா கிண்டலாத்தான் கேட்டான். எல்லாரும் என்னையப் பாத்தாங்ய. அடிச்சுட்டேன்."

சொல்லும்போது அவன் மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தான். இரண்டு நிறம். அந்த நிறங்களுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

*

2022இல் ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் அழிகின்றன என்று தமிழக அரசு ஒரு குழு போட்டது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுப்பது பற்றி ஆராய மறுபடியும் நீதிபதி சந்துருவைத்தான் கேட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போட்டு வரக்கூடாது, பள்ளிகளின் பெயரிலேயே சாதி இருக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தன. முதல் அறிக்கை வந்த வேகத்தில் அதே வருஷம் அவசரச் சட்டம் வந்தது. இரண்டாவதைக் கையில் எடுத்ததும் எதிர்ப்பும் கூடவே வந்தது. விளையாட்டைத் தடைசெய் என்றால் எல்லோரும் கை தட்டுவார்கள். கயிற்றை அவிழ் என்றால்?

நம் மாநிலத்தில் பப்ஜியை ஒட்டி வந்த பெரிய வழக்கை எடுத்துக்கொண்டாலும் இதுதான். 2021 ஜூனில் ஒரு யூடியூபரைத் தருமபுரியில் கைது செய்தார்கள். ஆடிக்கொண்டே நேரலையில் பெண்களைப் பற்றிப் பேசிய ஆபாசப் பேச்சுதான் புகார். துப்பாக்கியில் இருந்த குறையில்லை அது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அத்தானிடம் பேசினேன்.

"கயிறா? அது குருபூஜைக்குப் போனப்ப நான்தான் வாங்கிக் கட்டிவிட்டேன். கோயில் கயிறு மாதிரிதான். அதையும் இதையும் முடிச்சுப்போடாதீக மாப்ள. கேம அழிச்சிருவோம், முடிஞ்சுபோச்சு."

"அழிச்சா அந்தப் பேர் போயிருமா அத்தான்?"

"பள்ளிக்கூடத்துலயே கேம்னுதான் எழுதிக்கிட்டாக. நீங்க எதுக்குப் பெரிசு பண்றீக?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேம் என்று எழுதிக்கொள்வதில் எல்லோருக்கும் நிம்மதி இருந்தது. பள்ளிக்கு வேறு விசாரணை இல்லை. அத்தானுக்கு வெட்கம் இல்லை. அக்காவுக்குத் திட்டுவதற்கு ஒரு தம்பி கிடைத்தான். கொரியாக்காரன் செய்த விளையாட்டு சாட்சிக் கூண்டில் வந்து நின்று எதிர்த்துப் பேசப்போவதில்லை.

அத்தானை மேலே கேட்க எனக்கும் வாய் வரவில்லை. என் போனில் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது. அதன் பெயரில் அதே சாதி. அதில் என்னென்னவோ வரும். ஆறு வருஷமாக நான் ஒன்றும் சொன்னதில்லை, வெளியேறவும் இல்லை. அதையும் மியூட்டில் போட்டுக் காதை மூடித்தான் வைத்திருந்தேன்.

*

மறுநாள் தேர் நிலைக்கு வந்த பிறகு மருமகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். தெருமுனை வந்ததும் அவன் இறங்கிக்கொண்டான். "நீங்க போங்க மாமா, நான் நிக்கிறேன்." நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

பையனின் அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். "பிள்ளைக சண்டை சார், விடுங்க" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். யாராவது எங்களைக் கவனிக்கிறார்களா என்று பார்ப்பது போலிருந்தது. 1997இல் அவருக்கும் என் வயதுதான் இருந்திருக்கும். அவர் வீட்டில் அந்தக் கோடையை எப்படி நினைவு வைத்திருப்பார்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. பையன் உள்ளே படுத்திருந்தான். புருவத்தில் பிளாஸ்திரி. ஒருக்களித்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். திரையிலிருந்து துப்பாக்கிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அக்காவிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு ஊர் திரும்பினேன். போனைப் பிடுங்க வேண்டாம், ஹெட்செட்டைப் பிடுங்கு. அவன் ஆடும்போது நீயும் அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என்ன சுடுகிறான் என்று பார்க்காதீர்கள், என்ன பேசுகிறான் என்று கேளுங்கள்.

மூன்று வாரம் ஆகிறது. சொந்தக்காரர்கள் குழுவில் ஒருவர் போட்டதற்கு இது தப்பு என்று முதல்முறையாக எழுதினேன். இரண்டு பெரியப்பாக்கள் இன்னும் என்னோடு பேசவில்லை. மருமகன் தன் பெயருக்கு முன்னால் இருந்த நாலெழுத்தை எடுத்துவிட்டான். கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது, அத்தான் கட்டியது. பழைய குழுவிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். அதனால் சாயந்திரம் என்னோடு ஆடுகிறான். நான் மெதுவாகத்தான் ஆடுவேன். அடிக்கடி விழுந்து கிடக்கும் என்னை அவன்தான் இழுத்துப்போய் எழுப்புகிறான்.

அந்தப் பையனுக்கு நண்பர் அழைப்பு அனுப்பியிருக்கிறானாம். தினமும் எடுத்துப் பார்க்கிறான். அந்தப் பக்கம் ஆன்லைனில் இருப்பது தெரிகிறது. இன்னும் ஏற்கவில்லை.

"எத்தன நாள் ஆகும் மாமா?" என்று நேற்றுக் கேட்டான்.

தெரியாது என்றேன். அழைப்பை மட்டும் அழித்துவிடாதே என்றேன்.